பல மருத்துவமனைகள் ஒரே வளாகத்துக்குள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு ஊரின் ஒரு மூலையில், எலும்பு முறிவுப் பிரிவு இன்னொரு மூலையில், ரத்த வங்கி இரண்டுக்கும் நடுவே எங்கோ. இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை ஒரே வளாகத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சு எழுந்ததும், மருத்துவமனைத் திட்டமிடலில் இருப்பவர்களைத் தேடி மருத்துவர்களும் செவிலியர்களும் பொறியாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லாப் பதில்களிலும் என் அளவுகோல் ஒன்றுதான்: நோயாளி எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை முறை காத்திருந்தார்.

பெரிய மருத்துவமனை என்பதும் ஒருங்கிணைந்த வளாகம் என்பதும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே மதில் சுவருக்குள் பதினான்கு கட்டடங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஆய்வகம், தனக்கென்று ஒரு சீட்டு வரிசை, தனக்கென்று ஒரு பதிவேடு வைத்திருந்தால் அங்கே ஒன்றானது மதில் சுவர் மட்டுமே.

என் அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, ஸ்கேன் எடுக்க வார்டிலிருந்து வெளியே வந்து, இரண்டு கட்டடங்களைத் தாண்டி மூன்றாவதுக்குப் போக வேண்டியிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலியை நான் தள்ள, அக்கா குடை பிடித்தாள். ஸ்கேன் எடுக்க ஆன நேரத்தைவிடப் போய்வந்த நேரம் அதிகம். அங்கே இயந்திரம் நன்றாக இருந்தது, எடுத்தவரும் நன்றாகப் பேசினார். அது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் மட்டும் கட்டிலில் படுத்திருப்பவரை நினைத்துப் பார்க்கவில்லை. நான் இந்த வேலையை எடுத்துக்கொண்டதற்கு அந்த மழையும் ஒரு காரணம்.

எங்காவது இதை முழுமையாகச் செய்து பார்த்திருக்கிறார்களா?

டென்மார்க்கைத்தான் முதலில் சொல்வேன். 2007 ஜனவரி 1 அன்று அந்த நாடு தன் பழைய மாவட்ட நிர்வாகங்களைக் கலைத்து, மருத்துவமனைகளை ஐந்து பெரிய மண்டலங்களிடம் ஒப்படைத்தது. அதைத் தொடர்ந்து, அவசர சிகிச்சை தரும் மருத்துவமனைகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, மிஞ்சியவற்றைப் பெரிதாக்கும் திட்டம் வந்தது. 16 கட்டுமானப் பணிகள், சுமார் 4,140 கோடி டேனிஷ் குரோனர்.

அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மருத்துவமனை. நகரத்துக்குள் 1893 முதல் இயங்கிவந்த நகராட்சி மருத்துவமனை உட்பட, தனித்தனி இடங்களில் இருந்த பிரிவுகள் நகரின் வடக்கே ஸ்கேபி என்ற இடத்துக்குப் போயின. 1852-இல் தொடங்கிய ரிஸ்கோவ் மனநல மருத்துவமனையும் 2018-இல் அங்கேயே வந்து சேர்ந்தது. மனநோயாளிக்கு நெஞ்சு வலித்தால் வேறு வளாகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை என்ற ஒன்றுக்காகவே அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

அவ்வளவு பெரிய பரப்பில் மனிதன் தொலைந்துபோகாமல் இருக்க, வடிவமைத்தவர்கள் அதை ஒரு சிறு நகரம்போல நினைத்தார்கள்: பேட்டைகள், தெருக்கள், நடுவே ஒரு சதுக்கம். நோயாளி தன் "பேட்டை"யைத் தெரிந்துகொண்டால் போதும், மொத்த ஊரையும் அறிய வேண்டியதில்லை.

செலவு குறையுமா?

ஓரளவு குறையும். விளம்பரம் செய்கிற அளவுக்குக் குறையாது.

மூன்று இடங்களில் இரவுப் பணிக்கு மூன்று மயக்க மருந்து நிபுணர்கள், மூன்று ஆய்வக ஊழியர்கள், மூன்று ஜெனரேட்டர்கள் இருந்த நிலை மாறும். விலை உயர்ந்த எம்.ஆர்.ஐ. இயந்திரம் பாதி நாள் சும்மா நிற்காது. ஆனால் இந்த மிச்சம் சில நூறு படுக்கைகளுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் நிர்வாகமே ஒரு பாரமாகிறது. நடையும் லிஃப்ட் காத்திருப்பும் மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன.

பணத்தைவிடப் பெரிய காரணம் தேர்ச்சி. அரிதான அறுவை சிகிச்சையை மாதம் ஒருமுறை செய்யும் குழுவைவிட வாரம் நான்கு முறை செய்யும் குழுவின் கை பழகியிருக்கும்.

கட்டடம் பெரிதாவதால் மட்டும் திறன் வந்துவிடாது என்பதற்கு மதுரையே சாட்சி. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஓர் அறுவை மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் சிகிச்சை செய்யும்போதே அடுத்தவர் மற்றதில் தயாராக இருப்பார். முடித்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டால் போதும். வேலையின் ஓட்டத்தை முதலில் கண்டுபிடித்து, அறையை அதற்கு ஏற்ப அமைத்தார்கள். நம்மில் பலர் அறையைக் கட்டிவிட்டு அதற்குள் வேலையைத் திணிக்கிறோம்.

வரைபடத்தை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்?

ஆம்புலன்ஸ் நிற்கும் வாசலிலிருந்து. முகப்பு மண்டபத்திலிருந்து தொடங்கிய வரைபடங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உயரமான கண்ணாடிக் கூரை, நடுவே நீரூற்று, அவசர சிகிச்சைப் பிரிவு பின்பக்கச் சந்தில்.

பெரிய ரத்தக்குழாய் அடைத்து மூளைக்கு ரத்தம் போகாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஒரு நரம்பியல் கணக்கு உண்டு. அடைத்திருக்கும் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஆகவே சி.டி. இயந்திரம் அவசரப் பிரிவை ஒட்டி, அதே தளத்தில் இருக்க வேண்டும். "நூறு மீட்டர்தானே" என்று யாராவது சொன்னால், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு, வெளிநோயாளிகள் நெரியும் நடைபாதை வழியாக, ஒரு லிஃப்டுக்காகக் காத்திருந்து அந்த நூறு மீட்டரைக் கடக்கச் சொல்லுங்கள்.

அவசரப் பிரிவு, ஸ்கேன், அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை, ரத்த வங்கி, பிரசவ அறை ஆகியவை ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் வைக்க முடியாவிட்டால் நேர் மேலே வையுங்கள். நடுவே இந்தப் பிரிவுகளுக்கு மட்டுமான, கட்டிலோடு ஏறக்கூடிய ஒரு லிஃப்ட் போடுங்கள். பிரசவ அறையை இந்தப் பட்டியலில் கண்டு வியப்பவர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கு, ரத்த வங்கி பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதும் பக்கத்து ஊரில் இருப்பதும் சில நேரங்களில் ஒன்றாகிவிடும்.

வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசர நிலையைப் பிரிக்கும் முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இப்போது பரவலாக இருக்கிறது. அந்த நிறங்களுக்கு ஏற்ப மூன்று வழிகளும் இருந்தால்தான் பிரித்ததற்குப் பலன். மூன்று நிறத்தவரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டால் அது வெறும் சாயம்.

செவிலியர்களின் நடையைக் குறைப்பது அவ்வளவு முக்கியமா?

ஒரு கணக்குப் போடுங்கள். மருந்து அறை இருக்க வேண்டிய இடத்தைவிட நாற்பது மீட்டர் தள்ளியிருக்கிறது. ஒரு பணி நேரத்தில் ஐம்பது முறை போய்வருகிறார். கூடுதல் நடை நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டர் நேரமும் நோயாளியின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நேரம்.

மருந்து, துணி, ஊசி, கழிவுத் தொட்டி ஆகியவற்றை வார்டின் ஒரு கோடியில் குவிக்காமல், சில கட்டில்களுக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். செவிலியர் அமரும் இடத்திலிருந்து கட்டில்கள் கண்ணில் பட வேண்டும். நீண்ட நடைபாதையின் கடைசி அறையில், கதவு மூடிய நிலையில், இரவு மூன்று மணிக்கு ஒரு முதியவர் கட்டிலிலிருந்து இறங்க முயன்றால் யாருக்குத் தெரியும்?

எல்லாருக்கும் தனி அறை கொடுப்பதுதானே நல்லது?

டென்மார்க் தன் புதிய வார்டுகளில் அந்த வழியில் போனது. தொற்று பரவுவது குறையும், தூக்கம் கெடாது, மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசலாம்.

நம் ஊருக்கு அதை அப்படியே எடுத்துவரச் சொல்லமாட்டேன். நம் அரசு வார்டுகளில் செவிலியர் எண்ணிக்கை குறைவு. பக்கத்துக் கட்டில்காரர்தான் பல நேரங்களில் முதலில் குரல் கொடுப்பவர். "சலைன் தீர்ந்துபோச்சு சிஸ்டர்" என்று அவர் கூப்பிடும் அந்தக் குரல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ஆகவே நான்கு அல்லது ஆறு கட்டில் கொண்ட சிறு கூடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை, கட்டில்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி, ஒவ்வொரு வார்டிலும் போதிய தனி அறைகள் என்ற கலவையே சரி என்பது என் முடிவு. தனி அறை யாருக்குக் கட்டாயம்? தொற்றுள்ளவருக்கு, எதிர்ப்பு சக்தி குன்றியவருக்கு, பிரசவ வலியில் இருப்பவருக்கு, இறந்துகொண்டிருப்பவருக்கு. கடைசியாகச் சொன்னவரைப் பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடுகின்றன. ஒரு திரைத்துணிக்குப் பின்னால், பத்துப் பேர் பார்க்க, ஒரு குடும்பம் தன் தகப்பனை வழியனுப்பக் கூடாது.

ஜன்னல் வேண்டுமா, முழுதும் ஏசி போதுமா?

ஜன்னல் வேண்டும். 1984-இல் ரோஜர் உல்ரிக் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளை ஆராய்ந்தார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு வேப்பமரத்தை வெட்டாமல் விடுவதற்கு எனக்கு இது போதும்.

காற்றோட்டம் அதைவிட முக்கியம். இயற்கைக் காற்றோட்டத்தில் இயங்கும் பொது வார்டுகளில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர், காற்றுவழித் தொற்றுள்ளவர் அறையில் 160 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வழிகாட்டியது. காசநோய் உள்ள நாட்டில், இருமுபவர்கள் காத்திருக்கும் கூடத்தை மூடிய கண்ணாடி அறையாகக் கட்டுவது பெரும் தவறு. நாலாபுறமும் திறந்த, உயரமான ஓட்டுக் கூரையே அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நல்லது.

திறக்க முடியாத கண்ணாடிச் சுவரின் இன்னொரு முகத்தை 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா பார்த்தது. ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில், எரியக்கூடிய பொருள்கள் குவிந்திருந்த இடத்தில் தீப்பிடித்தது. புகை மேல்தளங்களுக்கு ஏறி, மூடிய கண்ணாடிக்குள் சிக்கிக்கொண்டது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயில் அல்ல, புகையில். வென்டிலேட்டரில் இருப்பவரைப் படிக்கட்டில் இறக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தளத்தையும் தீத்தடுப்புச் சுவரால் இரண்டாகவாவது பிரித்து, ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வழி செய்யுங்கள். அடித்தளத்தைப் பழைய மெத்தைகளுக்கும் காலி அட்டைப்பெட்டிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

வெள்ளம் வந்தால்?

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் பாதுகாப்பாக 13-ஆம் தளத்தில் இருந்தன. அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. வெள்ளம் அவற்றை மூழ்கடித்தது. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அதற்கு அருகிலிருந்த இன்னொரு பெரிய மருத்துவமனையில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரவோடு இரவாக வெளியேற்ற வேண்டியிருந்தது. பச்சிளம் குழந்தைகளைச் செவிலியர்கள் கையில் ஏந்தி இறங்கினார்கள்.

2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்தால், அந்த வளாகம் மூழ்கும் நாளில் மாவட்டத்துக்கே மருத்துவமனை இல்லை. நிலம் ஏரியாக இருந்ததா என்று பழைய வருவாய் வரைபடத்தில் பாருங்கள். ஊர் முதியவர்களிடமும் கேளுங்கள். மின்பலகை, ஜெனரேட்டர், எரிபொருள் பம்பு, ஆக்சிஜன் கலன் ஆகிய எல்லாமே வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்று கீழே இருந்தாலும் மற்றவை மேலே இருந்து பயனில்லை.

உடன் வருபவர்களுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது?

வெளிநாட்டு வரைபடங்களில் விடை இல்லாத கேள்வி இது. நம்மிடம் நோயாளி தனியாக வருவதில்லை. ஒருவர் கட்டிலருகே, ஒருவர் மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓட, இன்னொருவர் ஊரிலிருந்து சாப்பாடு கொண்டுவர. இவர்களைக் "கூட்டம்" என்று பார்க்கும் நிர்வாகம் வாசலில் காவலாளியை நிறுத்துகிறது. இவர்களில்லாமல் வார்டு ஒரு நாள் ஓடாது என்று உணர்ந்த நிர்வாகம் கட்டிலருகே ஒரு மடக்குப் பலகையும், தளத்துக்கு ஒரு காத்திருப்புக் கூடமும், பெண்களுக்குப் பூட்டு உள்ள குளியலறையும், துணி உலர்த்த வெயில் படும் ஓர் இடமும், செல்போனுக்கு மின்இணைப்பும் தருகிறது.

பிண அறைக்கு முன்னால் நிழலும் இருக்கைகளும் குடிநீரும் வேண்டும். அங்கே மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மலிவு விலையில் இட்லி தரும் அம்மா உணவகம் இருக்கிறது. ஒரு புதிய வளாகத்தில் அப்படியொன்றை ஆம்புலன்ஸ் வழியை மறிக்காத, ஆனால் வார்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் போய்வரக்கூடிய இடத்தில் முதலிலேயே குறித்துவிட வேண்டும்.

இவ்வளவு பெரிய வளாகத்தில் வழி கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பலகைகளின் தமிழைத் திருத்துங்கள். "கதிரியக்கவியல் துறை" என்று எழுதியிருக்கும் பலகையின் கீழே நின்றுகொண்டு "எக்ஸ்ரே எங்கய்யா எடுக்கறாங்க?" என்று கேட்கும் பெரியவரிடம் குறையில்லை. துறையின் பெயர் மருத்துவருக்கு. வழி கேட்பவருக்கு வேலையின் பெயர் வேண்டும். "எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் இடம்." "ரத்தம் கொடுத்துப் பரிசோதிக்கும் இடம்." "மருந்து வாங்கும் இடம்." "குழந்தை டாக்டர்."

பிறகு, படிக்கத் தெரியாதவருக்கு: கட்டடத்துக்கு ஒரு நிறம், தளத்துக்கு ஓர் எண், தரையில் ஒரு கோடு. "மஞ்சள் கோட்டைப் பிடித்துப் போங்கள்" என்று சொன்னால் யாராக இருந்தாலும் இடத்தை அடைந்துவிடுவார்கள். நான்கு நிறங்களுக்கு மேல் போட்டால் கோலமாகிவிடும். எதிர்காலத்தில் இடம் மாறக்கூடிய பிரிவுகளுக்குத் தரைக்கோடு போட வேண்டாம். பழைய கோடு அழியாமல் கிடந்து வழி தவறச் செய்யும்.

எல்லாவற்றையும்விட, நடையையே வெட்டுங்கள். ரத்தம் எடுப்பதை வெளிநோயாளி அறைக்குப் பக்கத்திலேயே செய்தால், பயணம் செய்வது குப்பிதான், மனிதர் அல்ல. காற்றழுத்தக் குழாய் வழியாகக் குப்பி ஆய்வகத்துக்குப் போய்விடும். அதற்கு வசதியில்லாவிட்டால் ஓர் ஊழியர் அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப்போகலாம்.

கழிவும் அழுக்குத் துணியும் எந்த வழியில் போக வேண்டும்?

நோயாளியும் சாப்பாடும் போகாத வழியில். தனி லிஃப்ட், பின்பக்கச் சாலை. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கச் சொல்கின்றன; ரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் அனுமதியில்லை. லாரி வந்து திரும்ப இடம் விட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

ஊருக்குள் நிலம் இல்லை. புறவழிச்சாலையில் ஐம்பது ஏக்கர் கிடைக்கிறது. போகலாமா?

பஸ் போகுமானால் போகலாம். ஆர்ஹூஸில் இலகு ரயில் 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கியபோது அதன் முதல் பகுதியே மத்திய ரயில் நிலையத்தையும் புதிய பல்கலைக்கழக மருத்துவமனையையும் இணைத்தது. தொலைவுக்கு ஈடாக டென்மார்க் 2014 முதல் நாடு முழுவதற்குமான மருத்துவ ஹெலிகாப்டர் சேவையையும் நடத்துகிறது. இடத்தை மாற்றியவர்கள் வழியையும் கொடுத்தார்கள்.

நமக்கு 2008 முதல் 108 இருக்கிறது. ஆனால் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை வருபவர் ஆம்புலன்ஸில் வருவதில்லை. கர்ப்பிணி, மாத்திரைக்கு வரும் சர்க்கரை நோயாளி, தடுப்பூசிக்குக் கைக்குழந்தையோடு வரும் தாய் ஆகியோர் நகரப் பேருந்தை நம்பியிருப்பவர்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து வளாகத்துக்கு உள்ளே வந்து திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டால், பிளாஸ்டர் போட்ட காலோடு அவர் சாலையைக் கடக்க வேண்டும்.

ஊருக்குள் இருக்கும் பழைய மருத்துவமனையை மூடச் சொல்லமாட்டேன். வெளிநோயாளி சிகிச்சை, சாதாரணப் பிரசவம், டயாலிசிஸ், முதலுதவி ஆகியவை அங்கேயே தொடரட்டும். சிக்கலானது மட்டும் வெளியே போகட்டும். அடிக்கடி வேண்டியது அருகில், அரிதாக வேண்டியது ஒரே இடத்தில்.

பத்து ஆண்டுகளில் இடம் போதாமல் போனால்?

போதாமல்தான் போகும். லண்டனின் வடமேற்கே 1970-இல் திறக்கப்பட்ட நார்த்விக் பார்க் மருத்துவமனையை வடிவமைத்த ஜான் வீக்ஸ், வளர்ச்சியை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். நடுவே ஒரு தெருபோல நீண்ட நடைபாதை, இருபுறமும் கட்டடங்கள், ஒவ்வொன்றின் மறுமுனையும் நீட்டிக்கத் தோதாகத் திறந்திருக்கும். நம் ஊர்களில் அந்தத் திறந்த முனையில்தான் முதல் ஆண்டே சைக்கிள் நிறுத்துமிடமும் கேன்டீனும் முளைக்கின்றன. அதைக் காலியாக விடுவதற்கு ஒரு மருத்துவமனைத் தலைவருக்குத் துணிவு வேண்டும்.

வரைபடத்தை யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?

துறைத் தலைவர்களிடம் எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியரிடம், தூய்மைப் பணியாளரிடம், இரவுப் பணிச் செவிலியரிடம் காட்டுங்கள். காகிதத்தில் அவர்களுக்குப் புரியவில்லை என்றால் ஒரு காலியிடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அட்டையால் சுவர் நிறுத்தி, உண்மையான கட்டிலையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் கொண்டுவந்து தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நடைபாதை 2.4 மீட்டர் என்று விதி சொல்லும். எதிரெதிரே இரண்டு கட்டில்களும் நடுவே சலைன் கம்பி பிடித்த ஓர் உறவினரும் வரும்போது அது போதுமா என்று அவர்கள் சொல்வார்கள். கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே மயங்கி விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும் என்பதையும் தூய்மைப் பணியாளர்தான் முதலில் சொல்வார். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி அன்றே மாற்றி வரையுங்கள்.